இழுப்பறையில் நக்ஷத்திரங்கள்

தபால் தலை சேர்ப்பவரை உலகம் மன்னித்துவிடுகிறது. பழைய நாணயம் சேர்ப்பவரை, "ஆராய்ச்சிக்காரர்" என்று மரியாதையாகக்கூட அழைக்கிறது. தீப்பெட்டிச் சீட்டுச் சேர்ப்பவரைக் கண்டால், "பாவம், ஒன்றும் அறியாத மனிதர்" என்று புன்னகை செய்கிறது. ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் சினிமா நடிகைகளின் போட்டோக்களைச் சேர்க்கிறார் என்று தெரிந்தாலோ, அப்போது உலகம் காட்டும் முகமே வேறு. அதுவும் இத்தாலிய நடிகைகள் என்றால் கேட்கவே வேண்டாம்.

நம்முடைய இழுப்பறையை ஒரு நாள் சாக்கட்டிக்காகத் திறந்த சக உபாத்தியாயர் ஒருவர், உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு, பாம்பைக் கண்டவர்போல் சட்டென்று மூடினார். பிறகு மெல்லிய குரலில், "ஸார், இதெல்லாம் தங்களுடையதா?" என்று கேட்டார். "ஆம்" என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே தம் வகுப்புக்குப் போய்விட்டார். அன்று அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமற்போனதைத்தான் இப்போது நேயர்களிடம் சொல்லப்போகிறோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். அந்தப் படங்களில் இருப்பவர்கள் இன்றைய நடிகைகள் அல்லர். பெரும்பாலோர் காலமாகி வெகு காலம் ஆகிவிட்டது. படங்களும் பெரிய படங்கள் அல்ல. 9 சென்டிமீட்டர் அகலமும் 14 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சாதாரணத் தபால் கார்டுகள். முன்புறம் நடிகையின் முகம். பின்புறம் முகவரிக்கும் கடிதத்துக்குமாக இரண்டாகப் பிரித்த வெற்றிடம். அவ்வளவுதான்.

முதல் உலக மகாயுத்தத்துக்குச் சற்று முன்பும், யுத்தத்தின்போதும், பேசாப் படக் காலத்தில், இத்தாலியில் சில நடிகைகள் அடைந்த கீர்த்தியை இன்று மனத்தில் உருவாக்கிப் பார்ப்பது கடினம். அவர்களை அந்நாட்டார் 'தீவா' என்று அழைத்தார்கள். லத்தீனில் பிறந்த இந்தச் சொல்லுக்கும் நமது 'தேவி'க்கும் பூர்விக உறவு உண்டென்று பாஷா சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். ஆகவே மொழிபெயர்க்க வேண்டிய சிரமம் இல்லை.

அந்தத் தேவிகளில் முதல்வர் லீடா பொரெல்லி. நாடக மேடையில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த அவர், 1913-ல் மாரியோ கசெரீனி என்பவர் எடுத்த 'ஆனால் என் காதல் சாகாது!' என்ற படத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, கண்களைப் பாதி மூடி, கைகளைக் கொடிபோல் நீட்டி அவர் நிற்கும் நிலையை இத்தாலியப் பெண்கள் தாமும் நின்று பழகினார்கள். பொரெல்லியைப்போல் நடந்துகொள்வதற்கென்று இத்தாலிய மொழியில் 'பொரெல்லெஜ்ஜாரே' என்று ஒரு வினைச்சொல்லே உண்டாயிற்று. தமிழில் 'பொரெல்லித்தல்' என்று சொல்லலாம். இலக்கணப் பண்டிதர்கள் க்ஷமிக்க வேண்டும். இவ்வளவும் செய்த அம்மாள் படவுலகில் இருந்தது ஏறக்குறைய ஐந்தே வருஷம். 1918-ல் வீத்தோரியோ சீனி என்ற செல்வரை மணந்துகொண்டு நடிப்பை அடியோடு விட்டுவிட்டார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. படம் ஊருக்கு வரும், சில நாள் ஓடும், போய்விடும். நினைத்தபோது மறுபடி பார்க்க அந்நாளில் வழி ஏது? அப்படியிருக்க, அந்தப் பெண்கள் எதைப் பார்த்துப் பழகினார்கள்? படம் போன பிறகும் வீட்டில் தங்கியது கார்டுதான். படத்தில் ஒரு கணம் தோன்றி மறையும் கைவீச்சு கார்டில் அசையாமல் நின்றது. திரையில் பிறந்த தேவியை வீட்டுக்குள் கொண்டுவந்து குடிவைத்தது அந்தச் சிறு காகிதந்தான்.

அதைப் பிடித்தவர்களும் சாமானியர்கள் அல்லர். மிலான் நகரத்தில் எமிலியோ சொம்மாரிவா, பொரெல்லியைப் பலவிதமான கோலங்களில் படம் பிடித்தார். அவருடைய போட்டோச் செல்வம் இன்று அதே நகரத்தில் பிரெய்தா தேசிய நூலகத்தில் இருக்கிறது. புளாரென்ஸ் நகரத்தில் மாரியோ நூனெஸ் வாய்ஸ் என்றொருவர் இருந்தார். வயிற்றுப் பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காகவே படம் பிடித்தவர். கவிகள், சங்கீத வித்வான்கள், நடிகர்கள் என்று அந்தக் காலத்து இத்தாலியின் பிரமுகர்களெல்லாம் அவருடைய காமிராவின்முன் உட்கார்ந்தார்கள். இத்தகையவர்கள் எடுத்த படங்களைக் கார்டு வியாபாரிகள் புரோமைடுக் காகிதத்தில் ஆயிரக்கணக்காக அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பினார்கள். கார்டைத் திருப்பினால் பொலோன்யாவின் வெத்தோரி, டூரினின் போட்டோசெலெரே என்று பதிப்பித்தவர் பெயர் சிறு எழுத்தில் தெரியும். சேகரிப்பவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைப் பார்ப்பது இதற்காகத்தான்.

முதுகில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. இத்தாலியத் தபால் இலாகாவில் வெகுகாலம் ஒரு சலுகை இருந்தது. கார்டில் ஐந்து சொற்களுக்கு மேற்படாமல் உபசார வார்த்தை மட்டும் எழுதினால் தபால் கூலி குறைவு. ஆகையால்தான் அந்நாட்டுப் பழைய கார்டுகளில் பெரிய கடிதங்கள் அபூர்வம். நம்மிடம் உள்ள பிரான்செஸ்கா பெர்த்தினியின் கார்டு ஒன்றில், 'அன்பு வணக்கம்' என்ற பொருளில் இரண்டே சொற்கள் இருக்கின்றன. கீழே ஒரு கையெழுத்து. முகவரியிலுள்ள பெண்ணின் பெயர் மசி கரைந்து பாதிதான் தெரிகிறது. சலுகையில் பாக்கியிருந்த மூன்று சொற்களை அந்த மனிதர் என்ன செய்தாரோ? அல்லது பெர்த்தினியின் முகத்தையே மற்ற மூன்று சொற்களாகக் கருதினாரோ? கடைக்குப் போய்ப் பல முகங்களுக்கு நடுவில் இந்த ஒரு முகத்தைப் பொறுக்கியெடுத்தாரல்லவா, அதுவும் ஒரு பாஷைதானே!

இனி விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்துச் சினிமாச் சுருள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டாலும் நாளடைவில் பிசுபிசுத்துத் தூளாகும். அது போதாதென்று, ஓடி முடிந்த பழைய சுருள்களை, அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கவும் விற்றார்கள். இத்தாலியப் பேசாப் படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை. தேவிகள் நடித்த எத்தனையோ படங்களுக்குப் பெயரும், பத்திரிகை விளம்பரமும், சில போட்டோக்களுந்தான் மிச்சம்.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். 1914-ல் நீனோ மார்த்தோலியோ என்பவர் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகளின் வாழ்க்கையைப் படமாக எடுத்தார். மரியா கார்மியும் விர்ஜீனியா பலிஸ்திரியேரியும் அதில் நடித்தார்கள். பெரும் யுத்தங்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ரோமில் சினிமாக் கலை கற்பித்த கலாசாலையில் அந்தப் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. மாணவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டிப் பாடம் நடத்துவார்கள். இரண்டாவது யுத்தத்தின்போது ரோமைப் பிடித்திருந்த ஜெர்மன் துருப்புகள் அதை வாரிக்கொண்டு போயின. அத்துடன் சரி, இன்றுவரை திரும்பவில்லை. படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'இருளில் தொலைந்தவர்கள்'. இத்தாலியச் சினிமாச் சரித்திரக்காரர்கள் தங்கள் நாட்டின் தலைசிறந்த படங்களில் ஒன்றாக அதை மதிக்கிறார்கள். அதன் சாயலை நாம் அறிவது தப்பிப் பிழைத்த சில போட்டோக்களிலிருந்துதான்.

இந்த நஷ்டத்தைக் காலத்தில் உணர்ந்தவர் ஒரு பெண்மணி. மரியா அத்ரியானா புரோலோ என்ற அந்தப் பட்டதாரி 1908-ல் பிறந்தவர். டூரின் நகரம் ஒரு காலத்தில் இத்தாலியச் சினிமாவின் தலைநகராக இருந்தது. அதைப் பற்றி ஆராயப் புகுந்த அம்மையார், ஆராய்ச்சிக்கு வேண்டிய சாமான்களே கண்ணெதிரில் குப்பைக்குப் போவதைக் கண்டார். 1941 ஜூன் 8-ந் தேதி, ஒரு பொருட்காட்சிசாலை அமைக்கும் எண்ணம் தமக்குத் தோன்றியதாக நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். இத்தாலி யுத்தத்தில் இறங்கி ஒரு வருஷம் ஆகிற சமயம் அது. ஊரார் அரிசிக்கும் கரிக்கும் அலைந்திருப்பார்கள். அம்மையார் பழைய காமிராவுக்கும் போட்டோவுக்கும் நோட்டீசுக்கும் அலைந்தார். டூரினின் பழஞ்சாமான் சந்தையில் தேடினார். வயோதிகப் படத்தொழிலாளர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார். 1958-ல் பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. 2000-த்திலிருந்து அது அந்நகரத்தின் வானளாவிய மோலெ அந்தொனெல்லியானா என்ற கட்டடத்தில் இருக்கிறது. அதன் விரிந்த மண்டபங்களுக்கு ஆரம்பம் ஒருவருடைய 'பைத்தியம்'. நம் சக உபாத்தியாயர் இதைப் படிப்பாராக.

பேசும் படம் வந்தபின் முகங்களும் மாறின, வெளிச்சமும் மாறியது. ரோமில் ஆர்த்துரோ கெர்கோவும் எலியோ லுக்ஸார்தோவும் 1930-களில் எடுத்த நடிகைகளின் படங்களைப் பார்த்தால், சதையும் இரத்தமும் உள்ளவர்களா, சலவைக் கல்லில் செதுக்கியவர்களா என்ற ஐயம் உண்டாகும். அலீதா வல்லி, கிளாரா கலமாய், ஆஸ்ஸியா நோரிஸ் ஆகியோரின் முகங்கள் இக்காலத்தவை. கார்டின் பின்னால் தேதி எழுதியிருந்தால் அதிலும் ஒரு வேடிக்கை. 1922 அக்டோபரில் தாம் பதவிக்கு வந்ததிலிருந்து முஸோலினி புது சகாப்தம் ஒன்று தொடங்கி, அதன் வருஷத்தை ரோம எண்ணில் எழுதச் சொன்னார். நம் பஞ்சாங்கத்தில் கலி வருஷமும் சாலிவாகன வருஷமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல, 1935 ஜூன் என்பதற்குப் பக்கத்தில் 13 என்று நிற்கும். சகாப்தம் இருபத்து மூன்றாம் வருஷத்தோடு முடிந்துபோயிற்று. கார்டுகள் இருக்கின்றன.

இந்தப் படங்களைச் சேர்க்கும் எவரும் பார்க்கவேண்டிய சினிமா ஒன்று உண்டு. 1934-ல் வெளிவந்த 'எல்லோருடைய மாது'. மாக்ஸ் ஓபுல்ஸ் டைரக்ட் செய்தது. ஈஸா மிராண்டா கதாநாயகி. பணம் போட்டவர் ஆஞ்செலோ ரித்சோலி என்ற பத்திரிகை அதிபர். நக்ஷத்திரங்களின் முகத்தை வாராவாரம் அச்சிட்டு விற்றவர் அவர்தான். கதையில் ஒரு நடிகை தற்கொலைக்கு முயலுகிறாள். அவளுடைய வாழ்க்கை நினைவுகளாக விரிகிறது. கடைசியில், அவளுடைய முகத்தை மேலும் மேலும் அச்சிட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும் யந்திரத்தை நிறுத்துகிறார்கள். அவள் இறந்துவிட்டாள், இனி அச்சிட வேண்டியதில்லை. அந்த யந்திரம் நிற்பதைப் பார்த்த அன்று நாம் இழுப்பறையைத் திறக்கவில்லை.

லூயிஸா பெரீதாவின் கார்டைப் பார்க்கும்போதும் அதே சங்கடந்தான். பெரிய கண்கள், தீர்க்கமான புருவம். 1945 ஏப்ரல் 30-ந் தேதி, மிலானில், அவரையும் அவருடன் வாழ்ந்த நடிகர் ஓஸ்வால்தோ வலெந்தியையும் எதிர்ப்புப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். சித்திரவதைக்குப் பேர்போன ஒரு பாஸிஸ்டுக் கும்பலோடு சகவாசம் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பெரீதாவுக்கு அதில் எவ்வளவு பங்கு, பங்கே உண்டா என்பதைப் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. அப்போது அவருக்கு வயது 31. கார்டில் உள்ள முகத்துக்கு இது ஒன்றும் தெரியாது. நமக்குத் தெரியும்.

யுத்தத்துக்குப் பிற்பட்ட ஆன்னா மன்யானி, ஜீனா லொல்லோபிரிஜிதா, ஸோபியா லாரென் முதலியோரைப் பற்றி எழுதுவோர் பலர். ஆகையால் நாம் வேகமாகக் கடந்து செல்லுகிறோம். ஒரே ஒரு துப்பு மட்டும்: லாரென் பெயரும் புகழும் பெறுமுன், போட்டோக்களைக் கோத்துக் கதை சொல்லும் இத்தாலியப் பத்திரிகைகளில் ஸோபியா லாத்சரோ என்ற பெயரில் தோன்றினார். பழைய காகிதக் குவியலில் அந்தப் பெயரைக் கண்டால் அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள்.

போலிகளைப் பற்றி எச்சரிக்காவிட்டால் நேயர்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். சொந்த அநுபவத்திலிருந்தே சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து, 'அசல்' என்ற உறுதிமொழியின்பேரில், தபாலில் ஒரு கார்டு தருவித்தோம். பீனா மெனிகெல்லியின் படம். வந்த கார்டு வெகு அழகாக இருந்தது. அதுதான் சந்தேகத்துக்கு முதற் காரணம். நூறு வருஷத்துக் காகிதம் அவ்வளவு வெள்ளையாக இருக்குமா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அசல் போட்டோவில் நிழலும் ஒளியும் பனிபோல் ஒன்றில் ஒன்று கரையும். இதிலோ பத்திரிகைப் படம்போல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அப்போதும் மனம் ஒப்பவில்லை. நம் தெரு ஜவுளிக் கடைக் கல்லாவில் ரூபாய் நோட்டுச் சோதிக்க ஒரு நீல விளக்கு வைத்திருக்கிறார்கள். முதலாளியிடம் கெஞ்சி, அதன் கீழே கார்டைப் பிடித்தோம். பௌர்ணமிபோல் பிரகாசித்தது! காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனச் சரக்கு 1950-ஐ ஒட்டிய காலத்துக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. பேசாப் படக் காலத்துக் காகிதம் அந்த விளக்கில் மங்கலாகவே இருக்கும். "யார் ஸார் இந்த அம்மாள்? கள்ள நோட்டில் சம்பந்தப்பட்டவரா?" என்று முதலாளி கேட்டார். ஒரு வகையில் ஆமென்றுதான் சொல்ல வேண்டும்.

அசலுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பழைய புரோமைடுப் படத்தின் இருண்ட பாகங்களில், முக்கியமாக ஓரங்களில், வெள்ளி மேலே பூத்திருக்கும். சாய்த்துப் பார்த்தால் பாதரசம்போல் மின்னும். புது ஆட்கள் அதை அழுக்கென்று துடைக்கப் பார்ப்பார்கள், துடைக்கக்கூடாது. நடிகையின் கையெழுத்தைக் கண்டும் மயங்கக்கூடாது. பல கார்டுகளில் கையெழுத்தும் படத்தோடு சேர்ந்து அச்சானதே. மசியால் போட்டதானால் வெளிச்சத்தைச் சரிவாகப் பாய்ச்சும்போது கோடு மேற்பரப்பின்மேல் தனியே படிந்திருப்பது தெரியும்.

நம் ஊர் உஷ்ணத்துக்கும் ஈரத்துக்கும் இத்தாலியக் காகிதம் பழகியதல்ல. ராமபாணப் பூச்சிக்கோ எந்த நாட்டுக் காகிதமும் பலகாரந்தான். பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டுவதும், மெழுகுக் காகித நாடாவால் கிழிசலை ஒட்டுவதும் பூச்சியைவிடப் பெரிய தீமை. அமிலம் சேராத காகித உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை பார்ப்பதே நம் வழக்கம். சாக்கட்டிப் பெட்டியை அதே இழுப்பறையில் வைத்திருந்தது நம்முடைய பிசகுதான்.

போலிக் கார்டு நம்மை ஏமாற்றியதோடு நிற்கவில்லை. மெனிகெல்லியைத் தேடிப் போகவும் வைத்தது. 1890-ல் ஸிஸிலித் தீவில் பிறந்தவர். 1915-ல் 'நெருப்பு', மறு வருஷம் 'ராஜப் புலி' என்ற இரண்டு படங்களால் இத்தாலியையே கலக்கினார். 1924-ல் சினிமாவைத் துறந்து குடும்ப வாழ்க்கையில் புகுந்தார். அதன்பின் அறுபது வருஷ காலம் தம் நடிப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சரித்திரக்காரர்கள் வந்து கேட்டும் பேச மறுத்தார். போட்டோக்கள் முதலாகத் தம்மிடமிருந்த பழைய அடையாளங்களையெல்லாம் தாமே அழித்துவிட்டார்.

பெர்த்தினியோ நேர்மாறு. 1915-ல் 'அஸ்ஸூந்தா ஸ்பீனா'வில் நடித்த அந்த அம்மாள், 1976-ல்கூட பெர்த்தொலூச்சியின் 'ஆயிரத்துத் தொள்ளாயிரம்' படத்தில் கன்யாஸ்திரீயாக ஒரு சிறு வேஷம் போட்டார். பிறகு, தொண்ணூறு வயதை ஒட்டி, தம்மைப் பற்றி எடுத்த ஒரு படத்துக்காகத் தம்முடைய 'அஸ்ஸூந்தா ஸ்பீனா'வையே பார்த்துக்கொண்டு, அதை உண்மையில் டைரக்ட் செய்தவர் தாமே என்று அடித்துப் பேசினார். ஒருவர் தம் முகத்தைக் கடைசிவரை விடவில்லை. மற்றவர் அதை நெடுங்காலம் முன்பே உதறிவிட்டார். மெனிகெல்லி 1984-லும், பெர்த்தினி 1985-லும் காலமானார்கள்.

பெர்த்தினியின் கார்டை வைத்திருப்பதில் நமக்கு ஒரு தயக்கமும் இல்லை. அவரே கண்டால் மகிழ்ந்திருப்பார். மெனிகெல்லி விஷயம் அப்படியல்ல. அவர் ஒழித்துவிட்டதாக எண்ணிய முகம், அவர் அறியாத ஆயிரம் வீடுகளில் தபால் கார்டாகத் தங்கியிருந்தது. ஒருவர் தம்மை மறக்கும்படி உலகத்தைக் கேட்டுக்கொண்ட பிறகு, நாம் பூதக்கண்ணாடியும் நீல விளக்குமாக அவரைத் துரத்துவது நியாயமா? இந்தக் கேள்வியை நம் வீட்டில் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தோம். ஒரு கட்சி, "அவர் முகம், அவர் இஷ்டம்" என்றது. இன்னொரு கட்சி, "காசு கொடுத்துக் கார்டு வாங்கியவளுக்கும் அதில் பாத்தியதை உண்டு, அவள் கொளுத்தவில்லையே" என்றது. இராத்திரிச் சாப்பாடு ஆறிப்போயிற்று, தீர்ப்பு ஆகவில்லை.

சென்ற வருஷம் அவருடைய அசல் கார்டே நமக்குக் கிடைத்தது. ஓரமெல்லாம் வெள்ளி பூத்து, ஒரு மூலை மடிந்தது. பின்புறம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. தபாலில் போன அடையாளமும் இல்லை. வாங்கியவர் தமக்கென்றே வாங்கி வைத்துக்கொண்டார் போலும். மற்ற நடிகைகளில் சிலரைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். மெனிகெல்லியை மாட்டவில்லை. உறைக்குள்ளேயே இருக்கிறார். யாராவது பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் காட்டுகிறோம். இதுவரை கேட்டவர்கள் இரண்டு பேர்.